கைடெக்ஸ் கத்தி உறை லொடலொடவென்று ஆடுகிறது: சத்தத்தை எப்படி அடக்குவது?

ஏரிக்கரை ஒலி | ஞாயிறு, காலை 11.20

எல்லோருக்கும் வணக்கம். எட்டு வருடமாகப் பறவைகளின் குரலைப் பதிவு செய்கிறேன். வார நாட்களில் தரமணியில் வேலை. சனிக்கிழமை இரவானால் மதுராந்தகம் தாண்டி ஒரு நண்பரின் நிலத்துக்குப் போய்விடுவேன். இன்று விடிகாலை 3.40க்கு வரப்பில் நடந்துகொண்டே பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து ஹெட்போனில் கேட்டால், இரவில் கூப்பிடும் பறவையான பக்கிக்குருவி ஒன்று என் பக்கத்திலேயே உட்கார்ந்து கூப்பிடுவது போல இருந்தது. பக்கியின் குரல் தெரிந்தவர்களுக்குப் புரியும்: பிங்பாங் பந்து தரையில் குதித்துக் குதித்து அடங்குவது போல "டக், டக், டக்டக்டர்ர்". இரண்டு முறை ஓட்டிக் கேட்டேன். மூன்றாவது முறைதான் அது என் காலடியோடு சேர்ந்து வருவது தெரிந்தது. நான் நின்றால் அதுவும் நிற்கிறது. என் இடுப்பிலிருந்த கத்தி உறை.

உண்மையான பக்கி தூரத்தில் இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறது. இரண்டு முறையும் உறையின் சத்தம் அதன் மேலேயே விழுந்திருக்கிறது. காற்றின் இரைச்சல் என்றால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டுச் சமாளிக்கலாம். இந்தத் தட்டல் அப்படி இல்லை. கண நேரத்தில் வந்து போனாலும் மேலிருந்து கீழ்வரை எல்லா அலைவரிசையிலும் பரவிக் கிடக்கிறது. அதை எடுத்தால் பறவையும் சேர்ந்து போய்விடுகிறது.

கத்தி எங்கள் ஊர்க் கொல்லர் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்துக் கொடுத்தது, அலகு 4 அங்குலம். மைக்கைக் கிளையில் கட்டும் கயிறு, டேப், வழியில் குறுக்கே நீட்டும் சீமைக்கருவேல முள், இவ்வளவுதான் அதன் வேலை. உறையை மட்டும் ஆன்லைனில் ஒருவரிடம் அளவு கொடுத்துச் செய்து வாங்கினேன். 2 மி.மீ. கைடெக்ஸ் பிளாஸ்டிக் தகடு, ஓரத்தில் இரண்டு தகட்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஐலெட் (உலோக வளையம்) வரிசை, பின்னால் பிளாஸ்டிக் கிளிப். தோல் உறைக்கு மாற எனக்கு விருப்பமில்லை, பனியில் நனைந்துவிடும். இந்த உறையையே அமைதியாக்க வழி உண்டா?

மாடித்தோட்டம் மடிப்பாக்கம் | ஞாயிறு, மதியம் 12.05

உறைக்குள்ளே வெல்க்ரோவின் பஞ்சுப் பக்கத்தை ஒட்டிவிடுங்கள் சார். என் ஒட்டுக்கத்தி (செடிகளில் ஒட்டுக்கட்டும் கத்தி) உறைக்கு அதைத்தான் செய்திருக்கிறேன். இரண்டு வருடமாகச் சத்தமே இல்லை.

சாலிகிராமம் சவுண்ட் | ஞாயிறு, மதியம் 1.48

நான் படப்பிடிப்புத் தளத்தில் நேரடி ஒலிப்பதிவு செய்கிறவன். இந்தத் தொல்லை எனக்கு நன்றாகவே தெரியும். போலீஸ் வேடம் போட்டவர் இடுப்பில் பிளாஸ்டிக் ஹோல்ஸ்டரும் அதற்குள் ஒரு டம்மித் துப்பாக்கியும் இருக்கும். அவர் நாலடி நடந்தால் போதும், வசனத்தின் மேலே "லொட லொட". நாங்கள் ஃபோமைத் திணித்து, மேலே டேப் சுற்றி இறுக்கி முடித்துவிடுவோம். அந்தத் துப்பாக்கி அந்தக் காட்சியில் வெளியே வரப்போவதில்லை என்றால் அது போதும்.

உங்கள் கத்தி வெளியே வந்தாக வேண்டும், திரும்ப உள்ளேயும் போக வேண்டும். அதனால் திணிக்கும் வழி சரிவராது. முதலில் சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள். இன்றிரவு வீதி அடங்கிய பிறகு ஃபேனை நிறுத்திவிட்டு, ரெக்கார்டரை ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். லெவலை மாற்றவே கூடாது. கத்தியோடு உறையைக் கையில் பிடித்து ஆட்டுங்கள். அப்புறம் கத்தி இல்லாமல் வெறும் உறை. அப்புறம் பெல்ட்டில் மாட்டி நடை. அப்புறம் உறையின் மேல் ஒரு குச்சியால் உரசல். கடைசியாகக் கத்தியை எடுப்பதும் போடுவதும். "உறை சத்தம் போடுகிறது" என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உள்ளே நாலைந்து தனித்தனிச் சத்தம் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

ஏரிக்கரை ஒலி | ஞாயிறு, இரவு 11.52

நீங்கள் சொன்னபடியே செய்தேன் அண்ணா. அலை வடிவத்தைப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம்.

பெரியது "லொடலொட"தான். கத்தி உறைக்குள்ளே முன்னும் பின்னும் ஆடுகிறது. அலகைப் பக்கவாட்டில் அசைத்தாலும் கொஞ்சம் இடம் இருக்கிறது. அடுத்தது "டொக்", உறை மொத்தமாக இடுப்பிலும் பெல்ட் பக்கிளிலும் இடிக்கும் சத்தம், குடத்தைத் தட்டியது போல உள்ளே வெற்றாக ஒலிக்கிறது. கிளிப் திருகாணியிடம் ஒரு "கிறீச்", குனியும்போது மட்டும். முள்ளும் புல்லும் உரசும் "சரசர". கத்தியை எடுக்கும்போது "டப்" என்று ஒரு வெடிப்பு. அந்த "டப்" தான் உரக்க இருக்கிறது, ஆனால் ஓர் இரவில் மூன்று நான்கு முறைதான் வரும். என் பதிவைக் கெடுப்பது முதல் இரண்டும்தான்.

அம்பத்தூர் அச்சு | திங்கள், காலை 6.35

தம்பி, இப்படிப் பிரித்துச் சொன்னதற்கே நன்றி. பலர் "சத்தம் வருது" என்று மட்டும் எழுதுவார்கள், என்ன பதில் சொல்வது?

நான் கிண்டி சிப்பெட்டில், பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்றுத்தரும் மத்திய அரசு நிறுவனத்தில், படித்தவன். 1968-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் படித்த பலர் இன்றும் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கிறோம். கைடெக்ஸ் என்பது அக்ரிலிக்கும் பி.வி.சி.யும் கலந்த தகடு. 1965-இல் அமெரிக்காவில் விமானத்தின் உட்புறப் பாகங்களுக்காக உருவாக்கியது. சூடு பட்டால் இளகும், ஆறினால் அந்த வடிவத்தில் நிற்கும், மறுபடி சூடாக்கினால் மறுபடி இளகும். உங்களுக்குக் கைகொடுக்கப்போவது இந்தக் குணம்தான்.

உறை கத்தியை எங்கே பிடிக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அலகைப் பிடிக்கக் கூடாது. அலகு முடிந்து பிடி தொடங்கும் இடத்தில் ஒரு தோள் இருக்கும், இல்லாவிட்டால் பிடியில் விரல் உட்காரும் பள்ளம் இருக்கும். உறையின் வாய் அந்த வளைவைக் கவ்வி, கத்தியைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்படி இழுத்தால் கத்தி கடைசிவரை இறங்கி, ஓரிடத்தில் அழுந்தி நிற்கும். அழுந்தி நிற்பது ஆடாது.

உங்கள் உறையைச் செய்தவர் அலகில் மாஸ்கிங் டேப்பைத் தாராளமாகச் சுற்றி வார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். கருக்கு, அதாவது அலகின் கூர் விளிம்பு, உரசாமல் இருக்க டேப் சுற்றுவது சரியான வழக்கம்தான். அதே டேப் தோள்வரை ஏறிவிட்டால், டேப்பை எடுத்த பிறகு அந்தக் கனம் முழுக்க வெற்றிடமாகிவிடும். அலகைச் சுற்றி இடைவெளி வேண்டும், கவ்வும் இடத்தில் துளியும் கூடாது.

கத்தியை முழுக்க உள்ளே தள்ளிவிட்டு, பிடியைப் பிடித்து அரை மி.மீ. மேலே இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் வந்து, அதன் பிறகு பிடித்தால் நான் சொன்னதுதான் நோய்.

பெரியமேடு தோல் | திங்கள், காலை 9.10

நாற்பது வருடமாகத் தோல் வெட்டுகிறவன் சொல்கிறேன். பிளாஸ்டிக்கின் மேல் பிளாஸ்டிக்கை ஒட்டிச் சத்தத்தை அடக்குவதைவிட நல்ல தடித்த தோலில் உறை தைத்துக்கொள்ளலாம். தோலுக்குச் சத்தமே கிடையாது. பனிக்குப் பயந்தால் மெழுகு ஏற்றிக் கொடுக்கிறேன்.

அம்பத்தூர் அச்சு | திங்கள், காலை 9.31

ஐயா, உங்கள் கைவேலையில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் கத்தி லாரி பட்டை, துருப்பிடிக்கும் எஃகு. பதனிட்ட தோலில் இரவுப் பனி ஏறினால் அலகு என்ன ஆகும் என்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

பெரியமேடு தோல் | திங்கள், காலை 10.02

அது உண்மைதான், மறைக்க மாட்டேன். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோலில் துவர்ப்புச் சத்து இருக்கும், ஈரத்தோடு இரும்பைத் தொட்டால் கறுத்துவிடும். குரோம் தோலில் இருக்கும் உப்பு அதைவிட மோசம், துருவைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். அடையாற்றில் 1948-லிருந்து தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, அங்கே ஒரு குறுகிய பயிற்சியில் இதைக் கண்ணெதிரே காட்டினார்கள். வேலை முடிந்ததும் தோல் உறையிலிருந்து கத்தியை எடுத்து எண்ணெய் தடவித் தனியே வை என்பதுதான் எங்கள் அப்பா சொன்னது.

சரி, தோல் உள்ளே வேண்டாம். வெளியே வைக்கலாம் அல்லவா? உறைக்கும் கிளிப்புக்கும் நடுவே 3 மி.மீ. தோல் வாஷர் இரண்டு. உறையின் முதுகில், இடுப்பில் படும் பக்கத்தில் ஒரு தோல் பட்டை. உங்கள் "டொக்"கும் "கிறீச்"சும் அதில் பாதிக்கு மேல் அடங்கும்.

ஏரிக்கரை ஒலி | அடுத்த வாரம் செவ்வாய், இரவு 10.15

எல்லோரிடமும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) எடுத்து உறையை இளக்கத் தயக்கமாக இருந்ததால் எளிய வழியை முதலில் செய்து பார்த்தேன். மடிப்பாக்கம் சார் சொன்னபடி வெல்க்ரோவின் பஞ்சுப் பக்கத்தை நீளவாக்கில் வெட்டி, உறையின் உள்ளே இரண்டு பக்கமும் ஒட்டினேன். சனிக்கிழமை இரவு ஒரு சத்தம் இல்லை. அருமையான பதிவு.

ஞாயிறு முழுக்கப் பை காருக்குள்ளேயே இருந்தது. இன்று கத்தியை உருவினால் அலகின் இரண்டு பக்கமும் செம்பழுப்பாகத் துரு, பஞ்சு எங்கெல்லாம் தொட்டதோ அங்கெல்லாம். வியர்வையும் பனியும் பஞ்சுக்குள்ளேயே நின்றுவிட்டது. ஒரு பக்கப் பட்டை பசை இளகி நழுவி வாயருகே சுருண்டு கிடந்தது. கருக்கில் படும் இடத்தில் பஞ்சு அறுந்து தூளாகியிருக்கிறது. ஊர்க் கொல்லர் இன்று உயிரோடு இல்லை, அவர் கையால் அடித்த கத்தி இது. உப்புத்தாளால் தேய்த்துத் துருவை எடுத்துவிட்டேன், அதன் கறை மட்டும் போகவில்லை.

மாடித்தோட்டம் மடிப்பாக்கம் | செவ்வாய், இரவு 10.40

மன்னிக்க வேண்டும் சார். என் ஒட்டுக்கத்தி துருப்பிடிக்காத எஃகு, வெளியே இருப்பதும் பத்து நிமிடம்தான். அதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

நீலாங்கரை முக்குளிப்பு | செவ்வாய், இரவு 11.06

கடல் பக்கம் இருப்பவர்கள் யாரும் உறைக்குள்ளே பஞ்சு, ஃபெல்ட் எதையும் வைக்காதீர்கள். நாங்கள் அடியில் சிக்கிக் கிடக்கும் பழைய வலைகளை அறுக்கப் போகும்போது கத்தி கூடவே இருக்கும். உள்ளே துணி இருந்தால் உப்பு அதில் தங்கும், மணலும் தங்கும். மணல் ஏறிய துணி உப்புத்தாளுக்குச் சமம், ஒவ்வொரு முறை உருவும்போதும் அலகைக் கீறும்.

ஏரிக்கரை சார், உங்கள் உறையின் அடியில் நீர் வடியும் ஓட்டை இருக்கிறதா? அதன் வழியே நல்ல தண்ணீரை வேகமாக விட்டுப் பாருங்கள். வரப்பு மண் இரண்டு மூன்று பருக்கை உள்ளே கிடந்தாலே கரகரவென்று வரும். எனக்கு ஒரு முறை ஒரு மாதம் தேடிய சத்தம் அப்படித்தான் கண்டுபிடிபட்டது. எங்களுடையது அச்சில் ஊற்றி வார்த்த உறை, வாயில் ஒரு பூட்டு நாக்கு உண்டு. அது தேய்ந்து ஆடும்போது சைக்கிள் டியூப்பில் ஒரு விரற்கடை அகலம் வெட்டி, உறையையும் பிடியின் அடியையும் சேர்த்து வளையமாக மாட்டிவிடுவோம். தண்ணீரில் சத்தம் காற்றைவிட நாலு மடங்குக்கும் மேலான வேகத்தில் போகிறது. உலோகம் ஒரு முறை தட்டினாலே மீன் கூட்டம் திரும்பிவிடும்.

ஏரிக்கரை ஒலி | புதன், காலை 7.20

மேடம், ஓட்டை இருக்கிறது. தண்ணீர் விட்டேன், ஒரு சிட்டிகை மண்ணும் ஒரு முள் முனையும் வந்தது. நன்றி.

அம்பத்தூர் சார், அரை மி.மீ. சோதனையும் செய்தேன். நீங்கள் சொன்னதுதான். ஒரு மி.மீ.க்கு மேலேயே எதிர்ப்பில்லாமல் வருகிறது. ஹீட் கன்னை இரவல் வாங்கியிருக்கிறேன். எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்ல முடியுமா?

அம்பத்தூர் அச்சு | புதன், இரவு 8.50

சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

மொட்டை மாடியில் செய்யுங்கள். கைடெக்ஸ் சுமார் 160 முதல் 175 டிகிரி செல்சியஸில் நன்றாக இளகும். 200-ஐத் தாண்டிக் கொண்டுபோனால் பி.வி.சி. கருகத் தொடங்கும், மூக்கை அரிக்கும் புகை வரும். அது ஹைட்ரோகுளோரிக் அமில வாயு. காட்டமான நெடி அடித்தால் உடனே நிறுத்திவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள்.

கத்தியை உறைக்குள் வைத்துக்கொண்டு சூடேற்றக் கூடாது. ஹீட் கன்னின் காற்று எளிதில் 300 டிகிரிக்கு மேல் போகும், மெல்லிய அலகில் அது நேரடியாகப் பட்டால் கொல்லர் கொடுத்த பதம் இறங்கிவிடும். இன்னொன்று, இரும்பு சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் பிளாஸ்டிக் சமமாக இளகாது. உறையை மட்டும் சூடாக்குங்கள். கத்தி பக்கத்தில் தயாராக இருக்கட்டும், அலகில் மட்டும் மாஸ்கிங் டேப் இரண்டு சுற்று, தோளில் டேப் வேண்டாம்.

மிக முக்கியமானது இது. வார்த்த தகட்டுக்குப் பழைய நினைவு உண்டு. அதிகம் சூடேறினால் தட்டைத் தகடாகவே திரும்பப் பார்க்கும். அதனால் உறையின் வாயிலிருந்து கீழே 2 செ.மீ. மட்டும், அதுவும் கவ்வும் வளைவு மட்டும் சூடாக வேண்டும். மீதியை ஈரத்துணியால் சுற்றிவிடுங்கள். ஐலெட் ஓரத்தின் பக்கம் காற்றைத் திருப்பவே வேண்டாம். கன்னை ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருங்கள். அந்த இடம் ஊறிய தோல் போலத் துவளும்போது கன்னை வைத்துவிட்டு, கத்தியைச் செருகி, தடித்த துணிக் கையுறையோடு இரண்டு கட்டை விரலாலும் தோளுக்கு மேலே வளைவில் அழுத்துங்கள். விடாமல் ஐந்து நிமிடம். இல்லாவிட்டால் இரண்டு பலகைக்கு நடுவே அடர்த்தியான ஃபோம் வைத்து சி-கிளாம்ப் போடுங்கள், பத்து நிமிடம் கழித்து எடுக்கலாம். ஆறும்போது கொஞ்சம் சுருங்கும், அதையும் மனதில் வைத்து அளவோடு அழுத்துங்கள். ஒரே தடவையில் இறுக்கிவிட நினைக்காதீர்கள். கொஞ்சம் குறைவாக இருந்தால் நாளைக்கு மறுபடி செய்யலாம்.

வியாசர்பாடி வெளவால் | புதன், இரவு 9.33

சார், என்னிடம் இருப்பது ஸ்வீடன் மோரா கத்தி, அதோடு வந்த பிளாஸ்டிக் உறை. அதையும் இப்படிச் சூடாக்கலாமா?

அம்பத்தூர் அச்சு | புதன், இரவு 9.47

வேண்டாம் தம்பி. பெரும்பாலும் அது பாலிப்ரொப்பிலீன். சுமார் 160 டிகிரியில் உருகியே போகும், அதற்கு முன்னால் கைடெக்ஸ் மாதிரி நிதானமாகத் துவளாது. அதில் பசையும் ஒட்டாது, எதை ஒட்டினாலும் இரண்டு நாளில் உரிந்து வரும். அந்த மாதிரி உறைக்கு வெளியே சுற்றுவதுதான் வழி. நீலாங்கரை அம்மா சொன்ன டியூப் வளையம் உங்களுக்குத்தான் பொருத்தம்.

மயிலை மிருதங்கம் | புதன், இரவு 10.25

"குடத்தைத் தட்டியது போல" என்று ஏரிக்கரை சார் எழுதியதைப் படித்தபோது ஒன்று தோன்றியது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்புவோம். தோலின் மேல் கனம் ஏறினால் கணகணப்பு போய் ஒலி தணிந்து கும்மென்று இறங்கும். உறையும் ஒரு மெல்லிய தகடு, உள்ளே வெற்றிடம், தட்டினால் பேசத்தான் செய்யும். அதன் முதுகில் கொஞ்சம் கனம் அப்பினால் பேச்சு குறையாதா? ரவை இல்லை, கார்க் கதவுக்குள் அதிர்வு அடங்க ஒட்டுவார்களே ஒரு கறுப்பு ஷீட், அந்த மாதிரி.

சாலிகிராமம் சவுண்ட் | புதன், இரவு 10.58

சரியாகச் சொன்னீர்கள். அது பியூட்டைல் ஷீட், மேலே அலுமினியத் தாள். புதுப்பேட்டையில் துண்டாகவே கேட்டு வாங்கலாம். தீப்பெட்டி அளவு போதும். உறை எங்கே அதிகம் ஒலிக்கிறது என்று விரல் நகத்தால் தட்டிப் பார்த்து அங்கே ஒட்டுங்கள். பெரும்பாலும் அலகின் நடுப்பகுதிக்கு நேர் வெளியே இருக்கும். உள்ளே வேண்டாம், வெளியே மட்டும்.

நெறியாளர் | வியாழன், காலை 8.15

நல்ல உரையாடல். இடையில் ஒரு முக்கியமான செய்தி. பறவை பார்க்கப் போகும் பலர் இதைப் படிப்பதால் சொல்கிறேன். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் "ஆயுதம்" என்ற வரையறைக்குள் கத்தியும் வருகிறது. 31-ஆம் பிரிவின்படி தலைமை வனவிலங்குக் காப்பாளர் அல்லது அவர் அதிகாரம் அளித்த அதிகாரியின் எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. வேடந்தாங்கல் சரணாலயம், கிண்டி தேசியப் பூங்கா. இரண்டுக்கும் இது பொருந்தும். உறை எவ்வளவு அமைதியாக இருந்தாலும் அங்கே கத்தி வேண்டாம், வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

ஏரிக்கரை ஒலி | வியாழன், காலை 9.02

ஆமாம், வேடந்தாங்கலுக்கு நான் ஒரு நாளும் எடுத்துப் போனதில்லை. நண்பரின் சொந்த நிலத்தில் மட்டும்தான். ஆனாலும் பிரிவு எண்ணோடு இப்போதுதான் தெரிந்துகொண்டேன், நன்றி.

ஏரிக்கரை ஒலி | சனி, மாலை 4.30

செய்துவிட்டேன். முதல் தடவை பயத்தில் சூடு போதவில்லை, அழுத்திய இடம் ஆறியதும் பழையபடி விரிந்துவிட்டது. இரண்டாவது தடவை கொஞ்சம் கூடுதலாகக் காட்டினேன், ஈரத்துணி நழுவியதை நான் கவனிக்கவில்லை. மேலேயிருந்து முதல் ஐலெட்டுக்குப் பக்கத்தில் இரண்டு தகடும் வாய் திறந்துகொண்டன. சி-கிளாம்பை அங்கேயே போட்டு அடக்கினேன், ஒரு நூலளவு இடைவெளி நிற்கிறது. கத்தி இப்போது பிடிக்கிறது, ஆனால் ரொம்ப இறுக்கம். "டப்" முன்னைவிடப் பெரிய சத்தம். உருவும்போது கையே திடுக்கென்று குலுங்குகிறது. இப்படி உருவினால் கருக்கு எங்கே போகும் என்று பயமாக இருக்கிறது.

அம்பத்தூர் அச்சு | சனி, மாலை 5.12

பயப்பட வேண்டாம், இது சரி செய்யக்கூடியதுதான். இறுக்கம் இருப்பது நல்ல செய்தி, சத்தத்துக்குக் காரணம் வாயின் செங்குத்தான விளிம்பு. வளைவின் மேட்டைக் கத்தியின் தோள் ஒரே தாவலாகத் தாண்டுகிறது, அந்தத் தாவல்தான் "டப்". மேட்டைச் சரிவாக்க வேண்டும். கத்தியை வெளியே எடுத்துவிட்டு, அரைவட்ட அரத்தால் வாயின் உள் விளிம்பை 45 டிகிரியில் லேசாக இழைத்துவிடுங்கள். பிறகு 400 உப்புத்தாள், அதன் பிறகு 800, தண்ணீர் தொட்டுத் தொட்டு. பத்து இழுப்புக்கு ஒரு முறை கத்தியைச் செருகிப் பாருங்கள். தூள் உள்ளே போகாமல் கழுவிவிட்டுச் செருகுங்கள்.

உருவும் விதமும் உண்டு. பிடியை இழுக்காதீர்கள். நான்கு விரலால் பிடியைப் பற்றிக்கொண்டு, கட்டை விரலை உறையின் வாய் மேட்டில் ஊன்றித் தள்ளுங்கள். மெல்ல விடுபடும், கையும் குலுங்காது.

திறந்துகொண்ட ஐலெட் இடைவெளியைத் திரும்பச் சூடாக்க வேண்டாம். அந்த ஐலெட்டைத் துளைத்து எடுத்துவிட்டு, அதே ஓட்டையில், கால் அங்குலம்தான் இருக்கும், திருகிப் பூட்டும் இரட்டைத் திருகாணி போடுங்கள், நடுவே ஒரு ரப்பர் வாஷர். இனிமேல் இறுக்கத்தைத் திருப்புளியாலேயே கூட்டிக் குறைக்கலாம். மரையில் ஒரு துளி நெயில் பாலிஷ் விட்டால் நடையில் கழன்று வராது. மரையை ஒட்டிப் பூட்டும் லாக்டைட் வகைத் திரவத்தை இங்கே ஊற்றாதீர்கள், சில பிளாஸ்டிக்குகளில் விரிசல் கொண்டுவரும்.

பெரியமேடு தோல் | சனி, மாலை 6.20

தம்பி, நாளை கடை இல்லை. திங்கட்கிழமை வந்தால் தோல் வாஷர் வெட்டித் தருகிறேன், காசு வேண்டாம். முதுகுப் பட்டைக்கு எருமைத் தோலில் ஒரு துண்டு வைத்திருக்கிறேன், தடிப்பாக மெத்தென்று இருக்கும். உறையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

ஏரிக்கரை ஒலி | மறு வாரம் ஞாயிறு, மதியம் 2.10

திங்கள் மாலை பெரியமேட்டுக்குப் போய் ஐயாவைப் பார்த்தேன். வாஷர் இரண்டு வெட்டி, அவர் கையாலேயே துளை போட்டுக் கிளிப்பில் மாட்டிக் கொடுத்தார். தோல் இப்போது கத்தியைத் தொடவே இல்லை. முதுகுப் பட்டையின் ஓரத்தில் மெழுகு தேய்த்திருக்கிறார்.

மற்றவற்றைச் சொல்கிறேன். வாய் விளிம்பை இழைத்த பிறகு "டப்" போய் "தொப்" ஆகிவிட்டது, கட்டை விரலால் தள்ளினால் அதுவும் ஹெட்போனில்தான் கேட்கிறது. ரப்பர் வாஷரோடு இரட்டைத் திருகாணி போட்டாயிற்று. முன்பக்கத்தில் தீப்பெட்டி அளவு பியூட்டைல், அதன் மேல் முள் உரசலுக்காகத் துணி டேப். முதலில் சைக்கிள் டியூப் மாட்டிப் பார்த்தேன், சட்டையில் பட்டால் ரப்பர் கீச்சிட்டது, அதனால் துணி டேப்பே போதும் என்று விட்டுவிட்டேன். அடி ஓட்டையை மூடவில்லை.

அதே அறை, அதே ஒரு மீட்டர், அதே லெவலில் மறுபடி பதிவு செய்தேன். கத்தியோடு ஆட்டினால் லொடலொட சுத்தமாக இல்லை. வெறும் உறையைத் தட்டினால் மிருதங்கம் சார் சொன்ன மாதிரியே கணகணப்பு போய்விட்டது. நடையில் மிஞ்சியிருப்பது பெல்ட் தோலின் முனகல் மட்டும்.

நேற்று இரவு அதே வரப்பு. 3.52க்குப் பக்கி கூப்பிட்டது. நான் நடந்துகொண்டிருந்தேன், நிற்கவில்லை. பதினோரு முறை கூப்பிட்டு முடிக்கும்வரை நடந்தேன். ஒலிக்கோப்பை இணைத்திருக்கிறேன், 0.40-லிருந்து கேளுங்கள். அடியில் தவளையும் தூரத்தில் ஒரு லாரியும் இருக்கிறது, உறை இல்லை.

சாலிகிராமம் சவுண்ட் | ஞாயிறு, மாலை 3.25

நல்ல ஹெட்போனில் மூன்று முறை கேட்டேன். உறை இல்லை. 1.12-இல் மட்டும் மெல்லிய "கிளிங்" ஒன்று இருக்கிறது, சாவிக்கொத்தா?

ஏரிக்கரை ஒலி | ஞாயிறு, மாலை 3.40

ஆமாம் அண்ணா, பைக் சாவி. அடுத்த சனிக்கிழமை அதைக் கைக்குட்டையில் சுற்றி மேல்பாக்கெட்டில் வைத்துக்கொள்கிறேன்.